இஃப் வாக்கியத்தில் எந்தக் காலம்: எண்ணால் அல்ல, இரண்டு கேள்விகளால் முடிவு செய்வது

ஆங்கிலம் கற்கும் பலர் கேட்பது இது: ஸீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று ‘இஃப்’ கொண்டு அமையும் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களின் நான்கு வகைகளையும் மனப்பாடமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்போது ‘இஃப் ஐ ஹேவ் டைம்’ என்பதா, ‘இஃப் ஐ ஹேட் டைம்’ என்பதா, ‘இஃப் ஐ ஹேட் ஹேட் டைம்’ என்பதா என்று தெரிவதில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. கேட்பவரிடம் குறையில்லை. அந்த நான்கு சூத்திரங்களும், எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்த பிறகு வினைச்சொல்லை எப்படி அமைப்பது என்பதைத்தான் சொல்கின்றன. முடிவு செய்யும் வழியைச் சொல்வதில்லை. அந்த வழி இரண்டு கேள்விகளில் அடங்கும். நான் பேசுவது எந்தக் காலத்தைப் பற்றி? நடக்கலாம் அல்லது நடக்காமலும் போகலாம் என்று அதைத் திறந்து வைக்கிறேனா, அல்லது உண்மையில் அப்படி இல்லை, நடக்கும் என்றும் எண்ணவில்லை என்று தள்ளி வைக்கிறேனா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் வினைவடிவம் தானாகவே அமையும். எண்ணை நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை.

தமிழ் பேசுவோருக்கு இரண்டாவது கேள்விதான் புதிது. ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்ற தமிழ் வாக்கியத்தை இரண்டு பேர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைய வேலைகள் இன்னும் முடிவாகாத நிலையில் சொல்கிறார். மற்றவர் மூச்சுவிட நேரமில்லாத வேலைக்கு நடுவே, வர முடியாது என்பதை நாகரிகமாகத் தெரிவிக்கச் சொல்கிறார். வாக்கியம் ஒன்றுதான், வேறுபாட்டைக் குரலும் சூழலும் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் முதலாமவர் ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’ என்றும், இரண்டாமவர் ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்’ என்றும் சொல்லியாக வேண்டும். தமிழில் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றை ஆங்கிலம் வினைச்சொல்லிலேயே காட்டச் சொல்கிறது. நாம் தடுமாறும் இடம் இதுவே.

இதோடு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘வந்தால்’, ‘செய்தால்’, ‘போனால்’ ஆகியவை தோற்றத்தில் இறந்தகால அடியைக் கொண்டவை. ஆனால் பெரும்பாலும் இனி நடக்கவிருப்பதையே பேசுகின்றன. பழைய இலக்கணங்கள் ‘செய்தால்’ என்று பொருள்படும் ‘செயின்’ என்ற வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களில் சேர்த்ததும் இந்தப் பொருள் கருதித்தான். ‘அவர் வந்தால் சொல்கிறேன்’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘இஃப் ஹி கேம், ஐ வில் டெல் யூ’ என்று எழுதுவோர் பலர். ‘வந்த்’ என்ற அடி ‘கேம்’ என்பதை இழுத்து வந்துவிடுகிறது. அவர் வரக்கூடும் என்று நினைத்தால் ‘இஃப் ஹி கம்ஸ்’ என்பதே சரி. ‘கேம்’ என்று எழுதிய கணத்தில், ‘அவர் வரப்போவதில்லை என்றே நினைக்கிறேன்’ என்ற கூடுதல் செய்தியும் சேர்ந்துவிடுகிறது.

இனி, திறந்த நிபந்தனை. இதில் பேசுபவர் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. உண்மை எதுவென்று தமக்குத் தெரியாது என்ற நிலையில் பேசுகிறார். இங்கே ஆங்கிலக் காலங்கள் தம் இயல்பான பொருளிலேயே நிற்கின்றன. இன்றைய நிலையைப் பற்றிப் பேசினால் நிகழ்காலம். நேற்றைய நிகழ்வைப் பற்றிப் பேசினால் இறந்தகாலம். ‘இஃப் ஷி லெஃப்ட் அட் நைன், ஷி இஸ் ஹோம் பை நவ்’ என்றால், அவள் ஒன்பது மணிக்குக் கிளம்பினாளா என்று எனக்குத் தெரியாது, கிளம்பியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பாள் என்று பொருள். ‘இஃப் ஹி செட் தட், ஹி வாஸ் ராங்’ என்றால், அவர் அப்படிச் சொன்னது உண்மையானால் அது தவறு. ‘இஃப் யூ ஹேவ் ஃபினிஷ்ட், யூ கேன் கோ’ என்றால், முடித்துவிட்டீர்களானால் போகலாம். இந்த மூன்றும் பிழையற்ற, அன்றாடம் புழங்கும் வாக்கியங்கள். ஆனால் நான்கு எண்களில் எதிலும் அடங்காதவை. எண்முறை பாடம் நடத்துவதற்காக ஏற்பட்ட ஒரு வசதி என்பதை மறந்து, அதுவே மொழியின் முழு வரைபடம் என்று எண்ணிவிட்டால், இப்படிப்பட்ட நல்ல வாக்கியங்களைக்கூடப் பிழை என்று திருத்தத் தோன்றும்.

ஸீரோ கண்டிஷனல் என்பதும் திறந்த நிபந்தனைதான். ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லாமல் எப்போதும் நடப்பதைச் சொல்கிறது, அவ்வளவே. ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்’ என்பதில் ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வென்’ போட்டாலும் பொருள் பெரிதாக மாறாது. இதில் தடுமாறுவோரை அதிகம் காண முடியாது.

திறந்த நிபந்தனையில் காலங்கள் இயல்பாக நிற்கின்றன என்ற விதிக்கு முக்கியமான ஒரு விலக்கு எதிர்காலம். நாளை மழை பெய்வதைப் பற்றிப் பேசினாலும் ‘இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ’ என்று நிகழ்கால வடிவமே வரும். ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்பது வராது. ‘வில்’ விளைவுப் பகுதிக்கு உரியது. இதுவரை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லிவிடுகின்றன. ஆனால் ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ வரவே கூடாது என்று அதை நீட்டுவது மிகை. அங்கே ‘வில்’ எதிர்காலத்தைக் காட்டாமல் விருப்பத்தைக் காட்டினால் வரலாம்: ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கெட் த மேனேஜர்’ என்பது, சற்றுக் காத்திருக்கச் சம்மதித்தால் மேலாளரை அழைக்கிறேன் என்ற பணிவான பேச்சு. ‘இஃப் ஹி வோன்ட் லிஸன், தேர் இஸ் நத்திங் வி கேன் டூ’ என்பதில், அவர் கேட்க மறுத்தால் என்ற மறுப்பைக் காட்டுகிறது. விளைவுப் பகுதியில் உள்ள செயல் முதலில் நடந்து, ‘இஃப்’ பகுதியில் உள்ளது அதன் பயனாகப் பின்னால் வரும் அமைப்பிலும் ‘வில்’ வருவதுண்டு: ‘இஃப் இட் வில் ஹெல்ப், ஐ வில் கம் வித் யூ.’ நான் வருவது முன்னால், அது உதவுவது பின்னால்.

நிபந்தனையே அல்லாத ஒரு ‘இஃப்’பும் உண்டு. ‘ஐ டோன்ட் நோ இஃப் ஷி வில் கம்’ என்பதில் ‘வில்’ முற்றிலும் சரி. ஏனெனில் இந்த ‘இஃப்’ வினாவைக் குறிக்கிறது. இங்கே தமிழே நமக்கு நல்ல சோதனைக் கருவி. மனத்தில் உள்ள தமிழ் வாக்கியத்தில் ‘வருவாளா’ என்ற ஆகார வினா இருந்தால் ‘வில்’ வரலாம். ‘வந்தால்’ என்று இருந்தால் வராது. ‘அவள் வருவாளா என்று தெரியவில்லை, வந்தால் சொல்கிறேன்’ என்பதை ‘ஐ டோன்ட் நோ இஃப் ஷி வில் கம்; இஃப் ஷி கம்ஸ், ஐ வில் டெல் யூ’ என்று எழுதிப் பார்த்தால் இரண்டு ‘இஃப்’களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும்.

அடுத்தது தள்ளி வைத்த நிபந்தனை. இங்கேதான் ஆங்கிலம் இறந்தகால வடிவத்தைக் காலத்துக்காக அல்லாமல் தொலைவுக்காகப் பயன்படுத்துகிறது. ‘இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ் டு ஒர்க்’ என்பதில் நேற்றைய பேச்சு எதுவும் இல்லை. இன்று என்னிடம் கார் இல்லை என்பதே செய்தி. ‘ஹேட்’ என்ற வடிவம் நிகழ்வை நேற்றைக்குத் தள்ளவில்லை, உண்மையிலிருந்து தள்ளுகிறது. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் இப்படி வேலை செய்வது வேறு இடங்களிலும் உண்டு. ‘ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவருடைய விருப்பம் நேற்றோடு முடிந்துவிடவில்லை. நேரடியாகக் கேட்பதன் கூர்மையைக் குறைக்கிறார். ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவாக ஒலிப்பதும் இதனால்தான். காலத்தில் தள்ளுவது, உண்மையிலிருந்து தள்ளுவது, எதிரே இருப்பவரிடமிருந்து மரியாதையாகச் சற்றுத் தள்ளி நிற்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே வடிவம். இதைப் பிடித்துக்கொண்டால், தனித்தனிச் சூத்திரங்களாகத் தெரிந்த பல, ஒரே பழக்கத்தின் கிளைகளாகத் தெரியத் தொடங்கும்.

ஆக, தள்ளி வைக்க ஒரு படி பின்னால் போக வேண்டும். பேச்சு இன்றையதோ நாளையதோ ஆனால், ஒரு படி பின்னால் இருப்பது சாதாரண இறந்தகாலம். பேச்சே நேற்றையது என்றால், காலத்துக்காக ஏற்கெனவே ஒரு படி போயாகிவிட்டது. உண்மையிலிருந்து தள்ள இன்னொரு படி வேண்டும். அதுதான் ‘ஹேட்’ உடன் வினையின் மூன்றாம் வடிவம் சேரும் பாஸ்ட் பெர்ஃபெக்ட். கேள்வியில் உள்ள ‘ஹேட் ஹேட்’ இப்படி வந்ததே: முதல் ‘ஹேட்’ துணைவினை, இரண்டாவது ‘ஹேட்’ வைத்திருத்தல் என்ற முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். ‘இஃப் ஐ ஹேட் ஹேட் டைம் யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்’ என்றால், நேற்று நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன். விளைவுப் பகுதியிலும் இதே கணக்குத்தான்: இன்றோ நாளையோ ஆனால் ‘வுட்’ உடன் வினையின் முதல் வடிவம், நேற்றானால் ‘வுட் ஹேவ்’ உடன் மூன்றாம் வடிவம். ‘வுட்’ இருக்கும் இடத்தில், முடியும் என்ற பொருள் வேண்டுமானால் ‘குட்’, ஒருவேளை என்ற பொருள் வேண்டுமானால் ‘மைட்’ வைத்துக்கொள்ளலாம்.

திறந்து வைப்பதற்கும் தள்ளி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் நடை வேறுபாடு அல்ல, உண்மை பொய்யையே மாற்றக்கூடியது என்பதற்குத் தத்துவ அறிஞர் எர்னஸ்ட் ஆடம்ஸ் 1970இல் தந்த எடுத்துக்காட்டை விஞ்சியதை நான் பார்த்ததில்லை. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்வால்ட் என்பவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ‘இஃப் ஆஸ்வால்ட் டிட் நாட் கில் கென்னடி, சம்ஒன் எல்ஸ் டிட்’ என்ற வாக்கியத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: கென்னடி கொல்லப்பட்டது உறுதி, ஆகவே ஆஸ்வால்ட் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றார். ‘இஃப் ஆஸ்வால்ட் ஹேட் நாட் கில்ட் கென்னடி, சம்ஒன் எல்ஸ் வுட் ஹேவ்’ என்பதோ முற்றிலும் வேறு கூற்று: ஆஸ்வால்ட் கொல்லாமல் விட்டிருந்தாலும் வேறொருவர் கொன்றிருப்பார், அதாவது பின்னால் ஒரு சதி காத்திருந்தது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே; ‘டிட் நாட் கில்’ என்பது ‘ஹேட் நாட் கில்ட்’ ஆனவுடன், யாரும் மறுக்காத ஒரு முடிவு, ஆதாரம் கேட்கும் ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. இரண்டும் இறந்தகாலத்தைப் பற்றியவை என்பதையும் கவனிக்க வேண்டும். நேற்றைய நிகழ்வு என்றாலே தேர்ட் கண்டிஷனல், அதாவது ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ அமைப்பு, என்று பழகியவர் முதல் வாக்கியத்தை எழுதவே முடியாமல் போய்விடுவார்.

தமிழில் நமக்கு ‘-இருந்தால்’, ‘-இருப்பேன்’ என்ற வடிவங்கள் இருப்பதால், கடந்துபோன வாய்ப்பைப் பற்றிய வாக்கியங்களில் நாம் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. ‘முன்னதாகவே கிளம்பியிருந்தால் ரயிலைத் தவறவிட்டிருக்க மாட்டேன்’ என்பது ‘இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லியர், ஐ வுட் நாட் ஹேவ் மிஸ்ட் த டிரெயின்’ என்பதோடு படிக்குப் படி பொருந்துகிறது. ஆனால் அந்த ‘-இருந்தால்’ திறந்த நிபந்தனைக்கும் வரும் என்பதால் முழுமையாக நம்பிவிட முடியாது. மேலே சொன்ன ‘ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பாள்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பினாளா என்று தெரியாதபோது ‘இஃப் ஷி லெஃப்ட்’. கிளம்பவில்லை என்று தெரிந்தபோது ‘இஃப் ஷி ஹேட் லெஃப்ட் அட் நைன், ஷி வுட் பி ஹோம் பை நவ்’. தமிழ் வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. அவள் கிளம்பியதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாளைய நிகழ்வைப் பொறுத்தவரை, திறப்பதும் தள்ளுவதும் பேசுபவரின் மதிப்பீடு. உலகத்தில் உள்ள உண்மை அல்ல. ஒரே பந்தயத்தைப் பற்றி ஒரு வீரர் ‘இஃப் ஐ வின்’ என்றும், இன்னொருவர் ‘இஃப் ஐ வன்’ என்றும் சொன்னால் இரண்டு வாக்கியங்களிலும் பிழையில்லை. முன்னவர் தமக்கு வாய்ப்பிருப்பதாக நினைக்கிறார், பின்னவர் அவ்வளவாக நினைக்கவில்லை. இதனால்தான் இதில் ‘எது சரி’ என்று வாக்கியத்தை மட்டும் காட்டிக் கேட்டால் பல வேளைகளில் விடை சொல்ல முடிவதில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘இஃப் யூ கேவ் மீ த ஜாப், ஐ வுட் ஒர்க் ஹார்ட்’ என்று எழுதுபவர், எனக்கு எங்கே தரப்போகிறீர்கள் என்ற தொனியைத் தம்மையறியாமல் கலந்துவிடுகிறார். அங்கே ‘இஃப் யூ கிவ் மீ’, ‘ஐ வில்’ என்பதே தகும். பேரம் பேசும் இடத்தில் நிலைமை தலைகீழ். ‘இஃப் வி லோவர் த பிரைஸ், வில் யூ பை மோர்?’ என்று கேட்டால் விலையைக் குறைக்கத் தயாராகிவிட்டதாகப் படும். ‘இஃப் வி லோவர்ட் த பிரைஸ், வுட் யூ பை மோர்?’ என்று கேட்டால் எந்த வாக்கும் கொடுக்காமல் எதிர்த்தரப்பின் மனத்தை அறியலாம். இன்னும் தொலைவாக, வெறும் கற்பனையாக நிறுத்த வேண்டுமானால் ‘இஃப் வி வேர் டு லோவர் த பிரைஸ்’ என்று ‘வேர் டு’ சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுக்குப் படிப்போரைவிட அலுவலகக் கடிதம் எழுதுவோருக்கே இந்த நுணுக்கம் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் நான் நீங்களாக முடியாது என்பதால் தள்ளி வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகியவற்றுக்குப் பின் தள்ளி வைத்த நிபந்தனையில் ‘வேர்’ எழுதுவது முறைசார்ந்த எழுத்தின் வழக்கம். பேச்சில் ‘வாஸ்’ மிகப் பரவலாக வருகிறது, அதைப் பிழை என்று சண்டை பிடிப்பதில் பொருளில்லை. ‘வேர்’ நல்ல ஆங்கிலம் என்று கேள்விப்பட்டு எல்லா ‘இஃப்’புக்குப் பின்னும் அதைப் போடுவதுதான் உண்மையான பிழை. ‘இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்’ என்பது திறந்த நிபந்தனை. நேற்று நான் கடுமையாக நடந்திருக்கவும் கூடும். அங்கே ‘வாஸ்’ மட்டுமே சரி. ‘ஹி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி’ என்பதிலும் அப்படியே. அது வினா, நிபந்தனை அல்ல.

‘இஃப்’ பகுதிக்குள் ‘வுட் ஹேவ்’ நுழைவது இன்னொரு பரவலான வழுக்கல். ‘இஃப் ஐ வுட் ஹேவ் ஆஸ்க்ட்’ என்பது அமெரிக்கப் பேச்சு வழக்கில் காதில் விழும். எழுத்தில் ஏற்கப்படுவதில்லை, தேர்வில் மதிப்பெண் போகும். ‘இஃப் ஐ ஹேட் ஆஸ்க்ட்’ என்பதே வேண்டும். குழப்பத்துக்கு ஒரு காரணம், ‘ஐ ஹேட்’, ‘ஐ வுட்’ இரண்டுமே பேச்சில் ‘ஐட்’ என்று ஒரே ஒலியாகச் சுருங்கிவிடுவது. ‘ஐட் ஹேவ் கான் இஃப் ஐட் ஆஸ்க்ட்’ என்று கேட்கும்போது முதலாவது ‘வுட்’, இரண்டாவது ‘ஹேட்’. அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் பிரித்துவிடலாம். பின்னால் ‘ஹேவ்’ அல்லது வினையின் முதல் வடிவம் வந்தால் அது ‘வுட்’; மூன்றாம் வடிவம் நேரடியாக வந்தால் அது ‘ஹேட்’.

கலப்பு நிபந்தனை என்று தனியே ஒரு பாடம் வைப்பார்கள். இரண்டு கேள்வி முறையில் அது தனிப் பாடமே அல்ல. இரண்டு பகுதிகளுக்கும் காலத்தைத் தனித்தனியே கேட்டால் போதும். ‘அன்று மருத்துவம் படித்திருந்தால் இன்று மருத்துவராக இருப்பேன்’: படிப்பு நேற்றையது, பதவி இன்றையது, இரண்டுமே உண்மையல்ல. ஆகவே ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் மெடிசின், ஐ வுட் பி எ டாக்டர் நவ்.’ எதிர்த் திசையிலும் வரும்: ‘இஃப் ஹி வேர் எ கேர்ஃபுல் மேன், ஹி வுட் நாட் ஹேவ் லாஸ்ட் த கீ.’ கவனக்குறைவு அவருடைய என்றுமுள்ள இயல்பு, சாவி தொலைந்தது நேற்று. இங்கே ‘இஃப் ஹி ஹேட் பீன் கேர்ஃபுல்’ என்று எழுதினாலும் இலக்கணம் கெடாது. ஆனால் அந்த ஒரு சமயத்தில் மட்டும் கவனமாக இருந்திருந்தால் என்று பொருள் சுருங்கும். எந்தப் பொருள் வேண்டும் என்பது உங்களுடைய முடிவு.

கலக்கக் கூடாதது காலத்தை அல்ல, நிலைப்பாட்டைத்தான். ‘இஃப்’ பகுதியில் தள்ளி வைத்துவிட்டு விளைவுப் பகுதியில் ‘வில்’ என்று திறந்து பேசினால், வாக்கியம் இரண்டு வாயால் பேசுவதாகிவிடும். ‘மே’, ‘மைட்’ விஷயத்திலும் இது உதவும். ‘ஷி மே ஹேவ் மிஸ்ட் த ஃப்ளைட்’ என்றால், தவறவிட்டாளோ என்னவோ, இன்னும் தெரியாது. ‘இஃப் ஷி ஹேட் ஸ்டேட் லாங்கர், ஷி மைட் ஹேவ் மிஸ்ட் த ஃப்ளைட்’ என்றால் அவள் விமானத்தைப் பிடித்துவிட்டாள். நடக்காமல் போனதைச் சொல்லும் இந்த இடத்தில் ‘மைட்’ எழுதுவதே தெளிவு.

தள்ளி வைத்த வடிவம் எப்போதுமே ‘இது பொய்’ என்று முழங்குவதாகவும் எண்ணிவிட வேண்டாம். ஆலன் ராஸ் ஆண்டர்சன் என்ற தர்க்க அறிஞர் 1951இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு மருத்துவர், நோயாளி ஆர்சனிக் நஞ்சை உட்கொண்டிருந்தால், இப்போது காணும் இதே அறிகுறிகள்தான் தெரியும் என்று தள்ளி வைத்த வடிவத்தில் சொல்லலாம். அவர் நஞ்சு உட்கொள்ளவில்லை என்று சொல்ல வரவில்லை, உட்கொண்டிருக்கிறார் என்று நிறுவவே வருகிறார். அந்த வடிவம் இங்கே ஒரு கருதுகோளைச் சற்று விலக்கி வைத்து ஆராய்கிறது. ஆகவே ‘தேர்ட் கண்டிஷனல் என்றால் நடக்காதது’ என்பதைப் பெரும்பான்மை வழக்காகக் கொள்ளலாமே தவிர, மாறா விதியாகக் கொள்ள முடியாது.

‘வுட்’டைக் கண்டவுடன் தள்ளி வைத்த நிபந்தனை என்று முடிவு கட்டுவதிலும் நிதானம் வேண்டும். ஒருவர் சொன்ன திறந்த நிபந்தனையைப் பிறர் கூற்றாக மாற்றும்போது, ‘ஐ வில் கம் இஃப் ஐ ஹேவ் டைம்’ என்பது ‘ஷி செட் ஷி வுட் கம் இஃப் ஷி ஹேட் டைம்’ என்றாகிறது. பார்வைக்குத் தள்ளி வைத்தது போலவே இருக்கிறது. ஆனால் இந்தப் பின்னடைவு ‘செட்’ என்ற வினையால் வந்தது, அவளுடைய ஐயத்தால் வந்ததல்ல. இன்னொன்று, பழைய வழக்கத்தைச் சொல்லும் ‘வுட்’: ‘இஃப் இட் ரெய்ன்ட், வி வுட் ஸ்டே இன் அண்ட் ரீட்.’ மழை பெய்த நாள்களில் வீட்டிலேயே இருந்து படிப்போம் என்பது பொருள். மழை உண்மையாகவே பெய்தது.

‘இஃப்’ இல்லாத நிபந்தனைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘ஷுட் யூ நீட் ஹெல்ப்’, ‘வேர் ஐ இன் யுவர் பிளேஸ்’, ‘ஹேட் ஐ நோன்’ என்று துணைவினையை முன்னால் வைப்பது முறைசார்ந்த எழுத்துக்கு உரியது. எதிர்மறையில் ‘நாட்’ எழுவாய்க்குப் பின் வரும்: ‘ஹேட் ஐ நாட் நோன்’. ‘அன்லெஸ்’ என்பதற்கு ‘இது தவிர’ என்ற பொருள் உள்ளதால், அதற்குப் பின் இன்னொரு ‘நாட்’ போட்டால் பொருள் கவிழும். ‘இன் கேஸ்’ என்பதைத் தமிழ் ‘-ஆல்’ கொண்டு எடைபோடுவது ஆபத்து. ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்’ என்றால், மழை பெய்யக்கூடும் என்பதற்காக இப்போதே குடையை எடுத்துக்கொள். ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்றால், மழை பெய்தால் மட்டும் எடுத்துக்கொள். ‘ஹோப்’, ‘விஷ்’ ஆகியவை இதே இரட்டையின் இன்னொரு முகம்: ‘ஐ ஹோப் யூ ஆர் வெல்’ திறந்தது, ‘ஐ விஷ் ஐ வேர் வெல்’ தள்ளியது, ‘விஷ்’ஷுக்குப் பின் ஒரு படி பின்னால் போவது அதனால்தான். ‘இஃப்’ பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

எழுதி முடித்த வாக்கியத்தைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ‘இஃப்’ பகுதியின் வினைக்குப் பக்கத்தில் ‘யெஸ்டர்டே’, ‘நவ்’, ‘டுமாரோ’ ஆகிய மூன்றில் பொருளுக்குப் பொருந்தும் ஒன்றை மனத்துக்குள் வைத்துப் பாருங்கள். வினை இறந்தகால வடிவில் இருந்தும் ‘நவ்’ அல்லது ‘டுமாரோ’தான் பொருந்துகிறது என்றால், நீங்கள் தள்ளி வைத்திருக்கிறீர்கள், பிறர் கூற்றாக இல்லாதவரை, விளைவில் ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ ஆகியவற்றில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ‘யெஸ்டர்டே’ பொருந்தி, வினை சாதாரண இறந்தகாலத்தில் இருந்தால், நடந்ததா இல்லையா என்று தெரியாது எனச் சொல்லியிருக்கிறீர்கள். நடக்கவில்லை என்று தெரியுமென்றால் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்குப் போங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வுக் கேள்விகளில் பாதி வாக்கியம் ஏற்கெனவே தரப்பட்டிருக்கும். நிலைப்பாட்டை அந்தப் பாதியிலிருந்து எடுத்துக்கொண்டு, காலத்தை மட்டும் மற்றப் பாதியில் தேட வேண்டும். விளைவுப் பகுதியில் ‘நவ்’, ‘டுடே’, ‘ஸ்டில்’ போன்ற சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், ‘ஹேட்’டைப் பார்த்த வேகத்தில் ‘வுட் ஹேவ்’ எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் பெரும்பாலும் ‘வுட்’ மட்டும் போதும் என்று சொல்லத்தான் அங்கே வைக்கப்பட்டிருக்கும்.